பாசமும் கிளிப்பும்

பந்தமெல்லாம் பகையா என்னும் வினா உபந்நியாச மண்டபங்களில் எத்தனையோ முறை என் செவியில் விழுந்திருந்தும், அது உள்ளத்தில் தைத்தது என்னவோ, அறுபதுகளில் வந்த ஒரு செவ்ரலே இம்பாலாவின் அடியில் சாக்கு விரித்து மல்லாந்து கிடந்த மெக்கானிக்கின் அருகே நான் குந்தியிருந்த ஒரு பிற்பகலில்தான்.

கிளட்ச் மிதிக்கும் சிரமத்தை மனிதனிடமிருந்து நீக்கிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 1940 ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில் ஹைட்ராமேட்டிக் என்ற பெயரோடு வந்து பரவியது. இவ்வகை யந்திரங்களில் எஞ்சினின் விசையை ஏந்திச் செல்வது எண்ணெய். ஓயாமல் கடையப்படுவதால் அது உஷ்ணமடைகிறது. உஷ்ணம் எல்லை மீறினால் கருகிக் குணங்கெடுகிறது. ஆகவே, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத, 5/16 அங்குல விட்டமுள்ள இரண்டு இரும்புக் குழாய்களில் ஒன்றின் வழியே அதைப் போக்கி, ரேடியேட்டரின் தொட்டிக்குள் ஆறவைத்து, மற்றதன் வழியே திரும்ப அழைத்துக்கொள்கிறார்கள்.

எஞ்சின் ரப்பர் மெத்தைகளின் மேல் அமர்ந்து ஆடுவது. ரேடியேட்டரோ வண்டியின் உடலோடு பிணைந்து அசையாதிருப்பது. ஆடுவதற்கும் ஆடாததற்கும் நடுவே நீளும் இக்குழாய்களை ஆங்காங்கே கிளிப்புகள் பற்றிக்கொண்டிருக்கின்றன. கிளிப் கழன்றுபோன குழாய்க்கு விடுதலை கிட்டிவிடுவதில்லை. அது அதிர்ந்து அதிர்ந்து நட்டின் கழுத்தருகே விரிசல் காண்கிறது, அல்லது சட்டத்தில் உராய்ந்து ஊசித்துளை பெறுகிறது. பம்ப்போ எஞ்சின் சுழலும்வரை தானும் சுழல்வது. ஆதலால் துளை சற்றுப் பெரிதானால் போதும், கியர்பாக்ஸின் செந்நிற எண்ணெயெல்லாம் சாலைக்குப் போய்விடும்.

இந்த வண்டியில் முன்பு யாரோ, கிளிப் இல்லாத குறைக்குக் கட்டுக்கம்பியை முறுக்கிக் குழாயை இறுக்கியிருந்தார்கள். அந்த இடத்திலேதான் ஓட்டை. "கட்டுனதுதான் சார் அறுத்துடுச்சு" என்றார் மெக்கானிக், கீழே இருந்தபடியே.

சைவ சித்தாந்தம் உயிரைப் பிணிப்பதற்குப் பாசம், அதாவது கயிறு, என்றே பெயரிட்டது. ஆயினும் ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களையும் அது ஒரே தட்டில் வைத்து எடைபோடவில்லை. உடலும் கருவிகளும் மாயையின் காரியமாகிய மலமே என்றால், மலத்தைக் கொண்டே மலத்தைக் கழுவுவது எப்படி என்ற ஆட்சேபத்தைத் தானே எழுப்பிக்கொண்ட அருணந்தி சிவாசாரியார், அழுக்கேறிய துணியில் சாணியையும் உவர்மண்ணையும் ஏற்றி வெளுக்கும் வழக்கத்தைச் சிவஞான சித்தியாரில் காட்டி விடை கூறினார். மாயையை விடியும்வரை உதவும் விளக்குக்கு ஒப்பிடுவதும் அந்த மரபே. பந்தம் என்ற ஒரே சொல்லுக்குள் அறுப்பதும் உண்டு, காப்பதும் உண்டு என்பதை இத்தனை நுட்பமாகக் கண்ட தரிசனம் வேறொன்றை நான் அறியேன். எல்லாக் கட்டையும் உதறினால் ஞானம் என்று கிளம்புகிற அவசரத் துறவிகளிடம் எனக்கு உள்ள ஐயம், அந்தக் கம்பியைக் கண்ட பிறகு உறுதியாயிற்று. கம்பியை ஆணவத்துக்கும் கிளிப்பை மாயைக்கும் உவமையாக்கிவிடலாமா என்றுகூட மனம் ஒரு கணம் துள்ளியது, அது மிகை.

ஏனெனில் உவமை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. விடிந்தபின் விளக்கு வேண்டியதில்லை. உயிருக்கு அப்படி ஒரு விடியல் உண்டென்று சித்தாந்தம் சொல்லுகிறது. குழாய்க்கு அது இல்லை. வண்டி ஓடும் நாளெல்லாம் அதற்குக் கிளிப் வேண்டும்.

மெக்கானிக் குழாயை மாற்றி, ரப்பர் பொதிந்த கிளிப்புகளைப் பூட்டி, எண்ணெய் ஊற்றி, வண்டியைத் தெருக்கோடி வரை ஓட்டிக்கொண்டு வந்தார். பிறகு இரண்டு குழாய்களையும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். ஒன்று சுட்டது, மற்றது அவ்வளவு சுடவில்லை.