அடாரும் துப்பாக்கியும்: காட்டுப்பன்றி வேட்டையில் கொலைப்பொறுப்பு

நற்றிணை 119ஆம் பாடலில் புனவன் ஒருவன் தினையுண்ணும் பன்றிக்காகக் கல்லடார் அமைக்கிறான். அதில் அகப்படுவதோ புலி. அகப்பொருள் நோக்கில் அது உள்ளுறைக்கு உரிய செய்தி. இக்கட்டுரை எழுப்பும் வினா வேறு: அப்புலியைக் கொன்றவர் யார்?

வினா பழம்பாடலோடு நின்றுவிடவில்லை. 2020 மே 27 அன்று பாலக்காடு மாவட்டத்தின் மண்ணார்க்காட்டுப் பகுதியில், வெள்ளியாற்று நீரில் நின்றபடியே கருவுற்ற யானை ஒன்று இறந்தது. வெடிமருந்து வைத்த காயைக் கடித்து அதன் வாய் சிதைந்திருந்தது. அத்தகைய வெடி காட்டுப்பன்றிக்காக வைக்கப்படுவது. 2022 மே மாதம் முட்டிக்குளங்கரையில் பன்றிக்கு இட்ட மின்கம்பியில் காவலர் இருவர் மாண்டனர். 2023 செப்டம்பரில் கரிங்கரப்புள்ளியில் இளைஞர் இருவர். கம்பி இட்டவர் இவர்களைக் கொல்லக் கருதியிருக்க மாட்டார். ஆயின் கருதாமை அவரை விடுவிப்பதில்லை; எது வந்து படினும் படுக என்று அவர் உறங்கச் சென்றுவிட்டார்.

2022 மே மாதத்திலேயே கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களைக் கௌரவ வனவுயிர்க் காப்பாளர்களாக்கி, பயிரழிக்கும் பன்றியை உரிமத் துப்பாக்கி உடையோரைக் கொண்டு சுடுவிக்கும் அதிகாரத்தை வழங்கியது. நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகியன விலக்கப்பட்டன. சுட்ட பன்றியைப் புதைத்தல் வேண்டும். பாலக்காட்டு வயலோரத்திலும் இடுக்கியின் கிழங்குத் தோட்டத்திலும் இன்று வேட்டுவன் எனத்தக்கவர் இவ்வுரிமம் பெற்றவரே.

அவர்தம் குறைகள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. தோட்டாச் செலவு மிகுதி, இரவுப்பணி, பிழைபட்டால் வழக்கு தம்மேல். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்; பன்றி அதுவரை பொறுத்திருப்பதில்லை. இறைச்சியை மண்ணிலிடுவது வீண் என்பாரும் உளர். சங்க வேட்டுவன் கேட்டால் வியந்திருப்பான். எனினும் இவ்விதி சரியென்றே கருதுகிறேன். பசி கண்ணை மாற்றும். பயிரைக் காக்கச் சென்றவன் கொழுத்த உடலைத் தேடத் தொடங்குவான்.

பன்றியைத் தீங்குயிராக அறிவித்தல் வேண்டும் என்பது உழவரும் வேட்டுவரும் ஒருசேர எழுப்பும் கோரிக்கை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்கீழ்க் கேரள அரசு இதனைக் கேட்டது, நடுவணரசு இசையவில்லை. பீகாருக்கு 2015இலும் உத்தராகண்டத்திற்கு 2016இலும் அத்தகைய இசைவு கிடைத்தது. எல்லைக்கு இப்பால் தமிழ்நாடு 2025 சனவரி ஆணையில் தொலைவை அளவாகக் கொண்டது: காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடலாகாது, மூன்று வரை பிடித்துக் காட்டில் விடுதல், அதற்கப்பால் வனத்துறையினரே சுடுதல்.

தீங்குயிர் அறிவிப்பில் ஒன்று நோக்கத்தக்கது. அறிவித்தபின் இந்தப் பன்றியை, இந்த இரவில், ஏன் என்று வினவுவார் எவரும் இலர். சட்டமே ஓர் அடாராகிவிடுகிறது. துப்பாக்கி ஏந்தியவன் பார்த்தே சுட வேண்டியவன்; பார்த்தவன் சுடாமலும் இருக்கலாம். கல்லுக்கு அது இயலாது.

நகரிலிருந்து இதனை எழுதுதல் எளிது. தட்டையும் குளிரும் கிளி கடிவதற்கு உதவியவை. பன்றியோ இரவில் வருவது. அடார் பிறந்ததும் அதனாலேயே. பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்ட வீட்டில் தனித்திருக்கும் முதியவரை இரவெல்லாம் விழித்திரு என்று சொல்ல நம்மிடம் என்ன உரிமை உண்டு? ஊராட்சி அவருக்காக ஒருவரை விழித்திருக்கச் செய்யாதவரை, அவர் மின்கம்பியை நாடுவதைத் தடுக்கும் சொல் எதுவும் என்னிடம் இல்லை.