கால் சுற்று தள்ளி

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை. ரமணர் இருந்த மலை அல்ல. வெளியூர்க்காரர்களிடம் இதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சின்னக் குன்று, மேலே சீனிவாசப் பெருமாள். தென் திருப்பதி என்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் படியில் கால்வைக்க இடமிருக்காது. இன்று வெறும் புதன்கிழமை. படியில் நானும் இரண்டு குரங்குகளும்.

தலைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் தெற்கே போனது. சத்தம் அடங்கி வெகுநேரமாயிற்று. நினைவில் இன்னும் சுற்றுகிறது.

*

சிறுவயதில் பம்பரத்தை விரலால் ஒரு பக்கம் தள்ளிப் பார்ப்போம். தள்ளிய பக்கம் சாயாது. வேறொரு பக்கம் சாயும். அதற்குப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். ஹெலிகாப்டரின் இறக்கைகளுக்கும் ஏறத்தாழ அதே குணம்.

சுழலும் தண்டைச் சுற்றி, இறக்கைகளுக்குக் கீழே, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தட்டுகள். கீழ்த்தட்டு சுற்றாது. மேல்தட்டு இறக்கைகளோடு சுற்றும். நடுவில் பேரிங். விமானி முழங்கால்களுக்கு நடுவே இருக்கும் கோலைச் சாய்த்தால் இரண்டு தட்டுகளும் சேர்ந்து சாயும். மேல்தட்டிலிருந்து ஒவ்வோர் இறக்கைக்கும் ஒரு கம்பி. தட்டின் மேட்டுப் பக்கம் வரும்போது இறக்கை அதிகக் கோணத்தில் காற்றை வெட்டும், பள்ளத்துப் பக்கம் குறைந்த கோணத்தில். ஒவ்வொரு சுற்றிலும் இப்படித் திருகித் திருகி நேராகிறது.

விந்தை இதற்குப் பிறகுதான். அதிகக் கோணம் கிடைத்த இடத்தில் இறக்கை உச்சிக்குப் போவதில்லை. ஏறத்தாழ கால் சுற்று தள்ளித்தான் போகும். நம் விமானப்படையின் எம்.ஐ-17-ஐ எடுத்துக்கொண்டால், ஐந்து இறக்கைகள், மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசை. அது முன்னே போக, வால் பக்கம் இறக்கை உயர வேண்டும். அதற்கான கோணத்தை வலப்பக்கத்திலேயே கொடுத்துவிட வேண்டும். விமானி இந்தக் கணக்கையெல்லாம் போடுவதில்லை. கோலை முன்னே தள்ளுகிறார், அவ்வளவுதான். கம்பிகளைப் பூட்டியவர்கள் கால் சுற்றை முன்கூட்டியே கழித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கால் சுற்றுக்கு வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

*

ஆண்டாள் தேர் ஆடிப்பூரத்தன்று வீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுப்பார்கள். கொடுத்த இடத்திலேயே தேர் பதில் சொல்லும். மண்ணில் ஓடுவதற்கும் காற்றில் சுழல்வதற்கும் உள்ள தூரம் இவ்வளவு.

*

மேலே ஏற இறக்கை வேகமாகச் சுற்றும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை. வேகம் ஏறத்தாழ மாறுவதே இல்லை, எம்.ஐ-17-இல் வினாடிக்குச் சுமார் மூன்று சுற்று. இடக்கை நெம்புகோலை உயர்த்தினால் தட்டு அப்படியே மேலெழும். எல்லா இறக்கைகளும் ஒன்றாகக் கோணம் கூட்டும். காற்றின் தடை கூடும், எஞ்சின் கூடுதலாக உழைக்கும், உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். உடனே கால் பெடலை மிதிக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் தொட்டாக வேண்டும்.

*

ஸ்பெயின்காரர் ஹுவான் தெ லா சியர்வாவின் முதல் சுழல் விமானங்கள் ஒருபக்கமாகக் கவிழ்ந்தன. எதிர்காற்றைச் சந்திக்கும் இறக்கைக்குத் தூக்கல் அதிகம், பின்வாங்கும் இறக்கைக்குக் குறைவு. அவர் இறக்கையின் அடியில் ஒரு கீல் வைத்தார். கதவுக்கு வைப்பதுபோல. தூக்கல் மிஞ்சினால் இறக்கை தானே மேலே எழும்பி அதைக் குறைத்துக்கொண்டது. 1923 ஜனவரியில் அது பறந்தது. இறுக்கிப் பிடித்திருந்ததைத் தளர்த்தியது எனக்கு அந்தத் தட்டுகளைவிடப் பெரிய கண்டுபிடிப்பாகப் படுகிறது.

*

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனது. எம்.ஐ-17-கள் வந்தன. மொட்டைமாடிகளில் நின்றவர்களுக்கு உணவுப் பொட்டலங்கள் இறங்கின.

அந்தரத்தில் நிற்பதுதான் ஹெலிகாப்டரில் கடினமான வேலை. புதிதாகக் கற்பவர் ஒருபக்கம் சரிவதைக் கண்டதும் கோலை இழுப்பார். பதில் வருவதற்குள் இன்னும் இழுப்பார். பிறகு மறுபக்கம் அதைவிடச் சரியும். பழகியவர் கொஞ்சம் அசைத்துவிட்டுப் பொறுத்திருப்பார். அவர் கை அசைவது பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கே தெரியாது.