தேதி இல்லாத பூனைகள்

மனநோயாளி ஒருவர் வரைந்த படங்களை வைத்து அவர் குணமாகிக்கொண்டிருக்கிறாரா, மேலும் சிதைகிறாரா என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கும் இருந்தது. அதற்கு நான் காட்டிவந்த சாட்சியம் லூயி வெய்னின் எட்டுப் பூனைகள். முதலாவது சாதுவான பூனை. அடுத்தடுத்த படங்களில் கண்கள் பெருக்கின்றன, ரோமம் வண்ணக் கீற்றுகளாகச் சிலிர்க்கிறது, கடைசியில் பூனை போய் ஒரு கோலம் மட்டும் நிற்கிறது. ஒரு மனம் படிப்படியாகச் சிதைவதன் சித்திரம் என்று உளவியல் பாடப்புத்தகங்கள் இந்த வரிசையை அச்சிட்டுவந்தன. கவிதை பற்றிய சர்ச்சை ஒன்றில் நானே இதை எடுத்து வீசி ஜெயித்திருக்கிறேன்.

அந்த எட்டுப் படங்களில் ஒன்றில்கூடத் தேதி கிடையாது. வெய்ன் (1860–1939) இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு அறிந்த பூனைச் சித்திரக்காரர். 1924-இல் மனநோயாளி என்று சான்றளிக்கப்பட்டு ஏழைகளுக்கான விடுதியில் சேர்க்கப்பட்டார். மறுவருஷம் அவரை அங்கே அடையாளம் கண்டவர்கள் நிதி திரட்டி பெத்லெம் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். 1930-இலிருந்து நாப்ஸ்பரியில் இருந்து, அங்கேயே இறந்தார். அவர் இறந்த வருஷம், லண்டனில் ஒரு பழைய சாமான் கடையில் வால்டர் மாக்லே என்ற மனநல மருத்துவர் இந்தப் படங்களை வாங்கினார். வரிசை அவருடையது. முதலில் எது, பின்னால் எது என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே ஆதாரம், நோய் அப்படித்தான் முற்றும் என்ற அவருடைய அனுமானம். அனுமானத்தால் அடுக்கிய படங்கள் பிறகு அந்த அனுமானத்தையே நிரூபித்தன. வெய்னின் தாயார் கம்பளங்களுக்கும் தேவாலயத் துணிகளுக்கும் டிசைன் போட்டவர் என்பதோ, மருத்துவமனைக் கண்ணாடிகளில் கிறிஸ்துமஸுக்காகச் சாதாரணக் குதூகலப் பூனைகளை வெய்ன் தீட்டியிருக்கிறார் என்பதோ வரிசைக்குத் தேவைப்படவில்லை.

இதே கோலத்தை இன்னொரு ஊரில் வேறு விதமாகப் படித்தார்கள். ரியோ டி ஜனைரோவில் நீஸே ட சில்வெய்ரா என்ற பெண் மருத்துவர், மின் அதிர்ச்சியும் மூளை அறுவையும் செய்ய மறுத்து, 1946-இல் எங்கேனோ டி டென்ட்ரோ மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஓவியக்கூடம் திறந்தார். 1952-இல் அது ஒரு மியூசியமாயிற்று. நோயாளிகள் திரும்பத் திரும்ப வட்டங்களை, சமச்சீரான வடிவங்களை வரைந்தார்கள். அவற்றின் புகைப்படங்களை 1954-இல் யுங்குக்கு அனுப்பினார். சிதைந்த மனம் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் முயற்சி, அதாவது மண்டலங்கள், என்பது அங்கே கிடைத்த விளக்கம். லண்டனில் சிதைவின் கடைசிப் படி. ரியோவில் குணத்தின் முதல் படி. என் மனம் ரியோவின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அது நீஸேயின் விளக்கத்துக்காக அல்ல. அவர் படம் உருவாகும்போது அந்த அறையில் இருந்தார், அதே ஆட்களை வருஷக்கணக்காகப் பார்த்தார். மாக்லே கடையில் வாங்கினார்.

மருத்துவர் படத்தைப் பார்க்கவே கூடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பார்க்காமல் விடுவதும் அசிரத்தைதான். ஆனால் பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்த பிறகு படம் என்னவாகிறது? என் நண்பர் ஒருவர் நான்கு மாதம் ஒரு மருத்துவமனையில் இருந்தார். வாரம் இரண்டு நாள் வரையச் சொல்வார்கள். முதலில் அவர் வரைந்ததெல்லாம் நாற்காலிகள், வெறும் நாற்காலிகள். குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள் என்பதைக் கவனித்த பிறகு ஓட்டு வீடு, தென்னை, இரண்டு மலைக்கு நடுவே சூரியன் என்று மாறினார். “வீட்டுக்குப் போகணும்னா வீடு வரையணும் சார்” என்றார் என்னிடம். முன்னேற்றம் என்று பதிவாயிற்று. அவர் உண்மையாகவே தேறிக்கொண்டுதான் இருந்தார். அந்தத் தந்திரத்துக்கு வேண்டிய தெளிவே அதற்கு அத்தாட்சி. ஆனால் அதற்காக ஒரு நாற்காலியைக் கைவிட வேண்டியிருந்தது. இந்த விலையைக் கேட்க யாருக்கு உரிமை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

நம் வட்டத்திலும் இந்த அடுக்கும் வேலை நடக்கிறது. ஆத்மாநாம் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர், 1984-இல் தன்னை மாய்த்துக்கொண்டவர். அதற்குப் பிறகு அவர் கவிதைகளை அந்த முடிவிலிருந்து பின்னோக்கி வாசிப்பவர்களை எனக்குத் தெரியும். எந்த வரியிலும் ஒரு முன்னறிவிப்பு அகப்படுகிறது. அவருடைய கேலியும், ‘ழ’ பத்திரிகையை நடத்திய ஆசிரியரின் நிதானமும் அந்த வாசிப்பில் காணாமல் போகின்றன. சர்ச்சையில் நான் எட்டுப் பூனைகளை வீசியது இன்னொருவரின் கவிதைகள் மீது. அவர் உயிரோடிருக்கிறார், அதற்குப் பிறகு என்னிடம் எதையும் படிக்கத் தரவில்லை.

நண்பர் வீடு திரும்பியதும் எனக்கு ஒரு நாற்காலிப் படம் கொடுத்தார். மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களில் விஷயம் தெரிந்தவர்கள், இது உள்ளே வரைந்ததா, வெளியே வந்த பிறகா என்று கேட்கிறார்கள். நான் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை.