ஸ்டெப்னியும் அருளும்

பஞ்சர் கடையில் நாம் யோசிக்காமல் சொல்லும் ‘ஸ்டெப்னி’ என்ற சொல் ஒரு தெருவின் பெயரிலிருந்து வந்தது. வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரில் ஸ்டெப்னி தெரு இருக்கிறது. தாமஸ் மோரிஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்ற சகோதரர்கள் 1904-இல் அங்கே ஒரு மாற்றுச் சக்கரத்தை உருவாக்கினார்கள். அந்நாளில் கார்கள் உபரிச் சக்கரம் இல்லாமல்தான் விற்கப்பட்டன. குதிரை லாடத்திலிருந்து கழன்ற ஆணிகள் கிடந்த சாலையில் டயர் போனால், அங்கேயே உட்கார்ந்து டியூபை உருவி ஒட்டியாக வேண்டும். டேவிஸ் சகோதரர்களின் சக்கரத்துக்கு ஆரக்கால் கிடையாது. காற்றடித்த டயர் மாட்டிய வெறும் வளையம். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் அதை வைத்துக் கவ்விகளை முடுக்கினால் வண்டி கிளம்பிவிடும். பின்னாளில் அந்த வளையம் வழக்கொழிந்தது. முழுச் சக்கரத்தையே கழற்றி மாட்டும் காலம் வந்தது. பெயர் மட்டும் இந்தியாவில் தங்கிவிட்டது. இப்போது நூற்றிருபது ஆண்டுகள் கழித்துக் கார்கள் மறுபடியும் ஸ்டெப்னி இல்லாமல் வருகின்றன. மின்சாரக் கார்களில் இது மிகவும் பரவலாகிவிட்டது. இதை ஒரு வசதிக் குறைவாகப் பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு இது அறம் சார்ந்த கேள்வியாகப் படுகிறது. எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுமந்த ஒரு பாரத்தை இறக்கிவிட்டு, அது முழுவதையும் சிலர் தலையில் ஏற்றுவது நியாயமா?

இந்தியாவில் இதற்கு வழிவிட்டது 2020 ஜூலையில் வந்த ஒரு திருத்தம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், பஞ்சரைச் சரிசெய்யும் கிட்டும் டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பும் இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றது. இடம் மிச்சமாகும், மின்சாரக் கார்களில் பெரிய பேட்டரி வைக்க அது உதவும் என்று காரணம் சொல்லப்பட்டது. அந்தக் காரணம் பொய்யில்லை. மாற்றம் மின்சாரக் கார்களோடு தொடங்கியதும் இல்லை. அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டு மாடல் கார்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஸ்டெப்னி இல்லாமல் வந்ததாக அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ கணக்கிட்டது. மாற்றத்துக்குச் சாதகமான சான்றுகளும் வலுவானவை. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் பெரும்பாலும் காற்று சட்டென்று இறங்கிவிடாது. ஆணியே அடைப்பாக நிற்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் காற்றடித்துக்கொண்டு பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போய்விடலாம். கிட்டோடு வரும் ரப்பர் பால் போன்ற திரவத்தை வால்வு வழியாகச் செலுத்தி மெதுவாக ஓட்டினால், அது உள்ளே பரவி ஓட்டையில் போய் இறுகும். தரையில் படும் பகுதியில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் வரையுள்ள ஓட்டைகளை இது அடைக்கும். சாதாரண ஆணிக்கு இது போதும். வெயிலில் ஜாக்கி போட்டு வியர்த்து நிற்க வேண்டியவர்கள் பலருக்கு இந்தக் கிட் உண்மையிலேயே நன்மை செய்திருக்கிறது. இதை மறைத்துவிட்டு வாதிடுவது நேர்மையாகாது.

ஆனால் டயருக்குப் பக்கச்சுவர் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும் அந்தப் பகுதியில் கிழிசல் விழுந்தால் எந்தத் திரவமும் அங்கே நிற்காது. குழியின் விளிம்பில் மோதி ரிம் நெளிந்தாலும் அதே கதிதான். மின்சாரக் கார் பேட்டரியால் கனமானது. அதில் பெரிய ரிம்மும் உயரம் குறைந்த டயரும் மாட்டுவது இன்றைய வழக்கம். உயரம் குறைந்த பக்கச்சுவருக்குக் குழியின் அடியை வாங்கிக்கொள்ள இடம் போதாது. கிட் எந்த வகைச் சேதத்தில் கைவிடுமோ அந்த வகைச் சேதத்துக்கே வண்டி கூடுதலாக இடம் கொடுக்கிறது. அதன் பிறகு கயிறு கட்டி இழுத்துப் போகவும் முடியாது. சக்கரம் சுழன்றாலே மோட்டார் மின்சாரம் உண்டாக்கும் என்பதால், தட்டையான மேடை வைத்த லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். தரையடியில் பேட்டரி பரந்து கிடப்பதால் ஜாக்கியையும் குறித்த இடத்தில் மட்டுமே வைக்கலாம். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்தக் காட்டுப் பாதையில் அந்தி சாயும் நேரம் பக்கச்சுவர் கிழிந்த ஒருவரைப் பொறுத்தவரை, பெரும்பாலான பஞ்சர்கள் எளிதானவை என்ற உண்மை எதையும் மாற்றுவதில்லை.

ஸ்டெப்னியை எடுத்ததைக் குறைசொல்பவர்கள் வழக்கமாக ஒரு வாதம் வைப்பார்கள்: மனிதன் தன் கையை நம்பிய காலம் போய் நிறுவனத்தை நம்பும் காலம் வந்துவிட்டது என்று. எனக்கு இதில் உடன்பாடில்லை. சாலையில் தன் கையை மட்டும் நம்பி நின்றவர்கள் எந்தக் காலத்திலும் சிலர்தான். இறுகிப்போன வீல் நட்டை இளக்கவும் பதினைந்து இருபது கிலோ சக்கரத்தைத் தூக்கி மாட்டவும் உடம்பில் தெம்பு வேண்டும். முதியவர்கள், கைக்குழந்தையோடு போகும் தாய், இடுப்புவலிக்காரர் இவர்களுடைய ஸ்டெப்னியை எப்போதும் வேறு யாரோதான் மாட்டினார்கள். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் மாட்டினார். டீக்கடை வாசலில் நின்றவர் மாட்டினார். வயலிலிருந்து வரப்பேறி வந்தவர் மாட்டினார். டிக்கியில் கிடந்த அந்தச் சக்கரத்தைத் தன்னிறைவின் அடையாளமாகப் பார்ப்பது அதைத் தவறாகப் புரிந்துகொள்வது. முன்பின் தெரியாத ஒருவர் செய்யவரும் உதவியை ஏற்பதற்காக நாம் சுமந்த ஏற்பாடு அது. இரக்கம் வேலை செய்வதற்கும் ஒரு கைப்பிடி வேண்டும். பக்கச்சுவர் கிழிந்து, ஸ்டெப்னியும் இல்லாத காரின் அருகே எவ்வளவு நல்லவர் வந்து நின்றாலும் அவரால் துணைக்கு நிற்கத்தான் முடியும்.

லூக்கா நற்செய்தியில் வரும் நல்ல சமாரியன் கதையை இந்தக் கண்ணோடு வாசிக்கலாம். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியில் கள்ளரிடம் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு ஆசாரியனும் லேவியனும் ஒதுங்கிப் போகிறார்கள், சமாரியன் நிற்கிறான். அவன் மனம் இரங்கியதுதான் பெரும்பாலும் நம் நினைவில் நிற்கிறது. கதையோ அவன் கையில் என்னென்ன இருந்தன என்பதையும் விடாமல் சொல்கிறது. காயத்தில் வார்க்க எண்ணெயும் திராட்சரசமும் இருந்தன. ஏற்றிப்போகச் சொந்த மிருகம் இருந்தது. இறக்கிவிட வழியில் ஒரு சத்திரம் இருந்தது. சத்திரக்காரனிடம் கொடுக்க இரண்டு காசும் இருந்தன. இவை எதுவும் இல்லாமல் அதே இரக்கத்தோடு வந்திருந்தால் அவன் அடிபட்டவன் அருகே உட்கார்ந்து அழுதிருக்கலாம். அதுவும் பெரிதுதான், ஆனால் உயிரைக் காக்க அது போதாது. அப்படியானால் உதவ வருபவரே சக்கரமும் கொண்டுவரட்டுமே என்று கேட்கலாம். எண்ணெய் எவர் காயத்துக்கும் பொருந்தும், சக்கரம் பொருந்தாது. போல்ட்டின் எண்ணிக்கை, அவற்றுக்கிடையே உள்ள தூரம், நடு ஓட்டையின் அளவு எல்லாம் வண்டிக்கு வண்டி வேறு. சாலை உதவியைப் பொறுத்தவரை, உதவி பெறுபவர்தான் உதவிக்கான பொருளையும் சுமந்துவர வேண்டியிருக்கிறது.

வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். தொடர்புடையவர்மேல் செல்வது அன்பு, தொடர்பு பாராமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று உரை மரபு விளக்கும். நெடுஞ்சாலையில் நின்றுபோனவருக்குக் கிடைத்துவந்தது இந்த இரண்டாவது. இப்போது அதன் இடத்தில் சாலையோர உதவிச் சேவை என்ற ஒப்பந்தம் வந்திருக்கிறது. நள்ளிரவில் மேடை லாரியோடு வரும் தொழிலாளியின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் வருவதால்தான் பலர் வீடு சேர்கிறார்கள். ஆனால் ஒப்பந்தத்துக்கு வாடிக்கையாளரைத்தான் தெரியும். காலக்கெடு முடிந்த வண்டி, கைமாறி வாங்கிய வண்டி, அலைபேசிக் கோபுரம் எட்டாத பள்ளம் இவையெல்லாம் ஒப்பந்தத்தின் ஓரத்தில் நிற்பவை. வழியில் வந்த லாரி ஓட்டுநர் எவரிடமும் காலக்கெடு கேட்டதில்லை. ஸ்டெப்னியை எடுத்தபோது நடந்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: கையிலிருந்த ஒரு பொருளை வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாக ஒரு வாக்கு தரப்பட்டது. பொருள் தந்தவருக்கு விற்றதோடு வேலை முடிந்தது. வாக்குத் தந்தவர் கடன்பட்டவர். அந்தக் கடன் தீர்ந்ததா என்பதை நகரத்து மேம்பாலத்தடியில் நின்று பார்த்தால் தெரியாது. திம்பத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

இதற்கு வரும் மிகக் கூர்மையான மறுப்பு சராசரிக் கணக்கிலிருந்து வருவது. யார் டயர் கிழியும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் ஒரே அளவு ஆபத்து, எல்லாருக்கும் ஒரே அளவு நன்மை. அறியாத நிலையில் எல்லாரும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஏற்பாடு நியாயமானதுதானே என்பது அந்த வாதம். ஜான் ரால்ஸ் 1971-இல் எழுதிய ‘நீதிக் கோட்பாடு’ நூலில், தன் நிலை என்னவென்று அறியாத திரைக்குப் பின்னால் நின்று விதிகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார் என்பது உண்மை. ஆனால் அப்படி நிற்பவர் சராசரியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க மாட்டார், மிகக் கீழான இடத்தில் தான் இருந்தால் என்னவாகும் என்று பார்த்தே தேர்ந்தெடுப்பார் என்றும் அவரே வாதிட்டார். தவிர, ஆபத்து சமமாகப் பங்கிடப்படவும் இல்லை. பகலில் நகரத்துக்குள் ஓட்டுபவருக்கும் இரவில் மலைக்கிராமத்துக்குத் திரும்பும் செவிலியருக்கும் ஒரே விதியாக இருக்கலாம். ஒரே ஆபத்து இல்லை. வாடகைக் கார் ஓட்டுபவருக்குச் சாலையில் நின்று வீணாகும் ஐந்து மணி நேரம் ஒரு நாள் கூலி. சுமந்தபோது எல்லாரும் சமமாகச் சுமந்தோம். இறக்கி வைத்த பாரம் மட்டும் சமமாகப் போய்ச் சேரவில்லை.

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பவர்களே குறைவு, தேவைப்பட்ட நாளில் அதுவும் இறங்கிக் கிடக்கும் என்கிறார்கள். உண்மைதான். கிட்டில் உள்ள திரவத்துக்கும் காலாவதித் தேதி உண்டு, அதையும் யாரும் பார்ப்பதில்லை. அசட்டை இரண்டுக்கும் பொது என்பதால் அது எந்தப் பக்கத்துக்கும் சான்றாகாது.

சுற்றுச்சூழல் மறுப்பு இதைவிடக் கனமானது. பல ஸ்டெப்னிகள் ஒரு நாளும் சாலையைத் தொடாமல் வண்டியோடு சேர்ந்து பழசாகின்றன. அத்தனை ரப்பரும் இரும்பும் வீண். வீணான எடையைச் சுமக்க ஆற்றலும் வீண். எடை பற்றிய பகுதி எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஆயிரத்து அறுநூறு கிலோ வண்டியில் பதினெட்டுக் கிலோ என்பது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. ரப்பர் பற்றிய பகுதியை ஒப்புக்கொள்கிறேன். பயன்படாமலே அழியும் பொருளைக் கோடிக்கணக்கில் செய்வது பூமிக்குச் செய்யும் தவறு. அதனால்தான் ஒவ்வொரு காரிலும் முழு ஸ்டெப்னியைத் திரும்ப வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இடத்தை மிச்சம் பிடித்ததும் சரி, ரப்பரை மிச்சம் பிடித்ததும் சரி. மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு, வழியில் நின்றுபோகிறவருக்குத் திரும்ப வர வேண்டும்.

வண்டி சுமக்காததைச் சாலை சுமக்க வேண்டும். இது புதிய எண்ணமில்லை. அசோகர் தம் கல்வெட்டுகளில், வழியோரம் ஆலமரம் நட்டதையும் கிணறு வெட்டியதையும் தங்குமிடங்கள் அமைத்ததையும் தம் அறச்செயல்களாகப் பதிவு செய்தார். தமிழ்நாட்டுப் பழைய பாதைகளில் இன்னும் சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன: இரண்டு நிறுத்துக்கல், மேலே குறுக்கே ஒரு பலகைக்கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாகக் குடும்பத்தார் நட்டவை பல. தலைச்சுமையை இறக்கிவிடவும் தூக்கிவிடவும் ஆளில்லாத இடத்தில், வந்தவர் தாமே சுமையை அதன்மேல் நகர்த்தி இளைப்பாறி, தாமே மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் அவற்றை வைத்தார்கள். உதவ யாரும் வராத வேளையையும் அவர்கள் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற உதவி எண் இருக்கிறது; சுங்கச்சாவடிகளோடு ஆம்புலன்சும் கிரேனும் இருக்கின்றன. மின்சாரக் கார்கள் எப்படியும் நின்று போக வேண்டிய சார்ஜிங் நிலையங்களும் பெருகுகின்றன. மேடை லாரியும், பரவலாக ஓடும் வண்டிகளுக்குப் பொருந்தும் தற்காலிகச் சக்கரங்கள் சிலவும் அந்த இடங்களில் ஏன் இருக்கக் கூடாது? அளவுகள் பலவிதம் என்பது உண்மையான தடை. ஆனால் சார்ஜ் செருகியின் வடிவத்தில் பொது முடிவுக்கு வர முடிந்த நிறுவனங்கள் போல்ட் அமைப்பிலும் ஓரளவு நெருங்கி வர முடியும். மலைப்பகுதியிலும் ஊருக்கு ஒதுக்குப்புறத்திலும் வாழ்பவர்கள் மெல்லிய தற்காலிக ஸ்டெப்னியைத் தனியாகக் கேட்டால் அடக்க விலைக்குத் தரலாம். செலவில்லாமல் நாளையே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஜாக்கி வைக்க வேண்டிய இடம் இப்போது கையேட்டின் நடுவில் எங்கோ ஒரு பக்கத்தில் இருக்கிறது. அதை வண்டியின் வெளிப்புறத்திலேயே, சக்கரத்துக்குப் பக்கத்தில், எந்த மொழிக்காரருக்கும் புரியும் படமாகக் குறித்து வைக்கலாம். இருட்டில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அங்கே குனிந்து பார்க்கப்போகிறவர், அந்தக் கையேட்டை ஒரு நாளும் கண்ணால் கண்டிராத யாரோ ஒருவர்.