சேர்ந்து பாடுவதும் செவிமடுப்பதும்

பலர் ஒரே குரலில் பாடும்போது தனிமனிதன் தன்னை இழக்கிறானா, அன்றிக் கண்டடைகிறானா? இக்கேள்வி எளிதன்று. அகந்தை கரைவதும், கூட்டத்தில் விவேகம் மயங்குவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். இறைநாமத்தைப் போலவே வெறுப்பின் கோஷமும் ஆயிரம் வாய்களில் ஒன்றாக எழக்கூடியதே.

புனே நகரின் முளா நதிக்கரையில் உள்ளது போபோடி. ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசியை முன்னிட்டு, துக்காராம் மகராஜின் பாதுகைகளைத் தாங்கிய பல்லக்கு தேஹுவிலிருந்து பண்டரிபுரத்திற்குப் புறப்படும். அது பழைய மும்பை–புனே சாலையில் இப்பகுதியைக் கடந்து நகருக்குள் செல்கிறது. உடன்வரும் வார்கரி அடியார்கள் ‘திண்டி’ எனும் குழுக்களாக நடப்பர். ஒருவர் வீணை ஏந்தியிருப்பார், மிருதங்கம் முழங்கும், தாளம் ஏந்தியோர் வரிசையாக வருவர். ஒருவர் அபங்கத்தின் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர் வாங்கிப் பாடுவர். தமிழகத்தின் பஜனை சம்பிரதாயத்தை அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று.

சந்தர்களின் நூல்களையும் கீர்த்தனை மரபையும் மாணவர்க்குக் கற்பிக்க, ஜோக் மகராஜ் 1917-இல் ஆளந்தியில் வார்கரி சிக்ஷண சம்ஸ்தையை நிறுவினார். இத்தகைய பயிற்சியில் மாணவன் கற்பது ராகமும் தாளமும் மட்டுமல்ல. முதலடி பாடப்படும்போது அவன் மௌனமாக இருக்க வேண்டும். கேளாதவனால் வாங்கிப் பாட இயலாது. தன் முறை வரும்போதோ, அருகில் நிற்பவனின் குரல் தன் செவியில் விழும் அளவிற்கே குரலை உயர்த்த வேண்டும். சிறுவனும் பெரியவரும் வெவ்வேறு ஸ்தாயியில் பாடினாலும் ஸ்வரம் ஒன்றே. ஆகவே ஒருமை என்பது வேறுபாடுகளை அழிப்பதன்று.

ஆளந்தியிலிருந்து புறப்படும் ஞானேஸ்வரர் பல்லக்கில் ஒரு வழக்கம் உண்டு. இரவுத் தங்குமிடத்தில் ஆரத்திக்காகத் திண்டிகள் யாவும் கூடிநிற்கும். சோப்தார் தமது தண்டத்தை உயர்த்தியதும் தாளங்கள் அடங்கிவிடும். ஆனால் குறையுள்ள திண்டி மட்டும் தாளத்தை நிறுத்தாது ஒலித்துக்கொண்டிருக்கும். அக்குறை கேட்டறியப்பட்ட பின்னரே அவ்வொலி ஓயும். பல்லாயிரம் பேர் மௌனமாகி ஒரு சிறு குழுவிற்குச் செவிகொடுக்கின்றனர்!

வெறிகொண்ட கூட்டம் இதைச் செய்யாது. மாறுபட்ட ஓசையை அது தன் இரைச்சலால் அமுக்கிவிடும். கூட்டு வழிபாட்டிற்கும் கும்பலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆதலின், மாணவர்க்குச் சேர்ந்து பாடக் கற்பிக்கும் ஆசிரியர் உரத்த குரலைக் கண்டு மகிழ்ந்துவிடலாகாது. பின்தங்கும் குரல் எது, வாளாவிருக்கும் மாணவன் யார் என்று நோக்க வேண்டும். மாணவரையும் அவ்வாறு நோக்கப் பழக்க வேண்டும். எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு ஒவ்வொருவருக்கும் முறையாக வரட்டும். நேற்று வழிநடத்தியவன் இன்று பின்பாடும்போது, அவனுடைய ‘நான்’ அழிவதில்லை. பிறரையும் தன்னுள் ஏற்று விரிவடைகிறது.