கறுப்புப் பிறை

நிற்கவைத்து எடுத்த மார்பு எக்ஸ்ரேயில், உதரவிதானத்துக்கும் கல்லீரலுக்கும் நடுவே ஒரு கறுப்புப் பிறை. குடலில் ஓட்டை விழுந்து காற்று வெளியேறியிருக்கிறது என்பது அதன் வழக்கமான அர்த்தம். ஒரு மில்லி காற்றுகூடப் படத்தில் விழும். ஆனால் பார்ப்பது வேறு, தீர்மானிப்பது வேறு.

1910இல் சிலாயிடிட்டி என்ற மருத்துவர் வியன்னாவில் மூன்று பேரின் படங்களை விவரித்தார். பெருங்குடல் கல்லீரலுக்கு மேல் ஏறிக் கிடந்தது; காற்று குடலுக்குள்ளேயே இருந்தது. அதே பிறை, வேறு அர்த்தம். குடல் சுவருக்குள் தெரியும் காற்று குடல் அழுகுவதையும் குறிக்கலாம், தீங்கற்றதாகவும் இருக்கலாம். சி.டி. ஸ்கேன் இன்னும் துல்லியமாகக் காட்டும். காட்டுவதோடு அதன் வேலை முடிகிறது.

இதைக் கவிதை வாசிப்புக்கு உவமையாக்க எனக்குச் சம்மதமில்லை. கவிதையைத் தப்பாக வாசித்தவன் அடுத்த இதழில் திருத்திக்கொள்ளலாம்.

படத்தில் இல்லாதது காலம். வலி எப்போது ஆரம்பித்தது என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். ஓசூர் தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் எல்லை ஊர். 1970களில் சிப்காட் வந்தது. இன்று தொழிற்சாலைகளில் இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. இந்தியில் நேற்றுக்கு ‘கல்’ என்று பெயர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் ‘கல்’ என்றால், தமிழ்க் காதுக்கு அது சிறுநீரகக் கல். பலகையாக இறுகிய வயிறு மட்டுமே மொழி கேட்பதில்லை; அதற்குக் கை வேண்டும்.

1989இல் ஹாங்காங் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வயிற்றுப்புண் ஓட்டையானதாகக் கருதப்பட்ட 40 பேரை உடனே அறுக்காமல் மருந்து கொடுத்துக் கண்காணித்தார்கள். 29 பேருக்குக் கத்தி தேவைப்படவில்லை. 11 பேருக்குத் தேவைப்பட்டது. 2013இல் வந்த டென்மார்க் ஆய்வு, அறுவைக்குத் தாமதமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 2.4 சதவிகிதம் குறைந்ததாகச் சொல்கிறது. இரண்டையும் ஒப்புக்கொண்டால், காத்திருப்பதும் ஒரு செயல் என்றாகிறது. திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறவனுக்கே அதற்கு உரிமை.

ஓசூரில் மூன்றாவது வழியும் உண்டு. பெங்களூர் 40 கிலோமீட்டர். அறுக்க ஆளில்லாத இரவில் அனுப்புவது கடமை. தீர்மானத்தின் பாரத்தைக் கைமாற்றிவிட அனுப்புவது வேறு. அத்திப்பள்ளி நெரிசலில் நிற்கும் ஆம்புலன்சில் கத்தியும் இல்லை, காத்திருக்கும் கையும் இல்லை. மணி மட்டும் ஓடுகிறது.

அறுக்கிறவரிடமும் காத்திருப்பவரிடமும் அனுப்புகிறவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். இன்னும் ஒரு மணி நேரத்தில் அந்த வயிற்றைத் தொடப்போவது யார்? அவர் பெயரைச் சொல்ல முடியவேண்டும்.