ஆமை மார்க் போடாது

வகுப்பறைக்குள் கணினி வரலாமா என்று இனி விவாதித்துப் பயனில்லை, வந்துவிட்டது. அங்கே யார் யாருக்குக் கட்டளை இடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

1967-இல் சீமோர் பேப்பர்ட்டும் சகாக்களும் குழந்தைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். பிறகு அதில் ஓர் ஆமை சேர்ந்தது. 'முன்னே 100, வலப்பக்கம் 60' என்றால் அப்படியே நகர்ந்து கோடு போடும். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று படித்த சிறுமி அதையே மூன்று முறை சொன்னால், வருவது பாதி அறுகோணம். ஆமை 'தப்பு' என்று சொல்லாது. நீ சொன்னது இதுதான் என்று காட்டும், அவ்வளவுதான். அவளே ஆமை மாதிரி நடந்து பார்த்தால், திரும்ப வேண்டியது 120 என்று பிடிபடும்.

இன்றைய பயிற்சிச் செயலிகள் பலவற்றில் அதே 60-க்கு ஒரு சிவப்பு இன்ட்டு, குறையும் மார்க், அழியாத பதிவு. கேட்பது இயந்திரம், பதில் சொல்லி நிற்பது குழந்தை.

நான் நிரல் எழுதிப் பிழைக்கிறவன். முதல் தடவையே சரியாக ஓடும் நிரலைத்தான் நாங்கள் சந்தேகமாகப் பார்ப்போம். தப்பைத் தேடித் திருத்தத்தான் பாதிச் சம்பளம். எங்களுக்குக் கிடைக்கிற இந்தச் சலுகையைப் பத்து வயசுப் பிள்ளைக்கு மறுப்பது என்ன நியாயம்?

ஆசிரியருக்குக் கணக்கு வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான், பரீட்சைக்கு. கற்றுக்கொள்ளும்போது, யாரும் குறித்துவைக்காத ஓர் இடம் வேண்டும். சிலேட்டுக்கு அந்தப் பெருந்தன்மை இருந்தது. எச்சில் தொட்டு அழித்தால் போய்விடும்.